இரண்டு கட்டம் கீழே

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். பால் பொங்கி அடுப்பில் கருகிய வாடை வந்தாலே ஆகாது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் புரிந்துவிட்டதாகத் தலையாட்டுகிறவர்களைக் கண்டாலும் அப்படித்தான். கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு இந்தக் குணம் நல்லதல்ல. வெயில் ஏறினால் வாய்க்கால் நாறும். மழை வலுத்தால் வாய்க்காலே தெருவுக்கு வந்துவிடும். அதையெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பழகிவிட்டேன். பழகவே முடியாமல் போனது ஒரு கிட்டார்காரன் என் பாட்டில் சொருகிய ஒற்றைச் சுரம்தான். நாற்பதை நெருங்கும் வயதில் நான் இசைக் கோட்பாடு படித்தது அதனால்தான். ஆசைப்பட்டுப் படித்தேன் என்று யாராவது நினைத்தால், இல்லை. ஆத்திரப்பட்டுப் படித்தேன்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பாடுவதற்கென்றே கூடுகிற கூட்டங்கள் உண்டு. மெஹ்ஃபில் என்பார்கள். நாங்கள் கூடுவது கொச்சங்காடியில் ஒரு சுக்கு குடோனின் மாடியில். கீழே மூட்டைகள், மேலே பாயும் ஹார்மோனியமும் தபலாவும். சுக்குத் தூசி தொண்டைக்குள் இறங்கி, பாடுகிறவர்கள் எல்லாரும் கனைத்துக்கொண்டே இருப்போம். அந்தக் கனைப்பும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது, அதற்காகவே போவேன். பாடுகிறவர் தன் சுருதியை முன்கூட்டிச் சொல்லமாட்டார். வாயைத் திறந்து பாடத் தொடங்கிவிடுவார். ஹார்மோனியக்காரர் அந்தக் குரலைத் தேடிப் பிடித்து அதன் பின்னால் வர வேண்டும். குரல் முன்னே, வாத்தியம் பின்னே. அந்தக் கிட்டார்காரன் வரும்வரை இதை யாரும் மீறியதில்லை.

அவன் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழன். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, முப்பது வயதிருக்கும். இணைய வகுப்புகளில் கிட்டார் கற்றவன். விரல் வேகம் அபாரம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பாடுகிறவர் மூச்சு வாங்கக் கொஞ்சம் இடம் விட்டால் போதும், உள்ளே புகுந்து சுரவரிசையை மேலும் கீழும் ஓட்டுவான். ஓட்டி முடித்ததும் கண்ணைத் திறந்து, யாரெல்லாம் பார்த்தார்கள் என்று சுற்றிலும் பார்ப்பான். பந்தியில் அடுத்தவர் இலையில் கை வைக்கிறவனைப் பார்ப்பதுபோல் இருக்கும் எனக்கு. கூட்டமோ அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது.

அங்கே ஹிந்தி கஜல்கள் பாடுவார்கள், பழைய மலையாளப் பாட்டுகள் பாடுவார்கள். தமிழில் யாரும் சொந்தமாகப் பாட்டுக் கட்டியதில்லை. நான் ஒன்று கட்டியிருந்தேன். வீட்டில் பேசுவது தமிழானாலும் பள்ளியில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுதும்போது அப்போதெல்லாம் தடுமாறுவேன். அதனால் தமிழ் வரிகளை மலையாள எழுத்தில் கைபேசியில் தட்டி வைத்திருந்தேன். பாட்டில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வேலை முடிந்து படகில் வந்து இறங்கிய ஒருத்தி, வீட்டுக்குப் போக மனமில்லாமல் படகுத்துறையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

அந்த ஒருத்தி நான்தான் என்பது யாருக்கும் தெரியாது. எறணாகுளத்தில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. திரும்பும்போது படகு. என் கணவர் அரிசி மொத்தக்கடை ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறார். குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். அவரைக் குறை சொன்னால் என்னைத்தான் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் எங்களுக்குள் பேச்சு நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. கேஸ் தீர்ந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை, இவ்வளவுதான் பேசுவோம். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாட்டாகத்தான் வந்தது.

முதல் அடியின் முடிவில் குரல் ‘நி’யில் வந்து நின்றுவிடும், ‘ஸா’வைத் தொடாது. நி-யில் இரண்டு உண்டு. கிட்டாரின் கழுத்தைக் குறுக்குக் கம்பிகள் பிரிக்கிற கட்டங்களில், ஸாவுக்கு ஒரு கட்டம் கீழே இருப்பது ஒன்று. அது ஸாவை ஒட்டி நின்றுகொண்டு, உடனே உள்ளே விடு என்று கதவைத் தட்டும். இரண்டு கட்டம் கீழே இருப்பது மற்றொன்று. அதற்கு அவசரமே கிடையாது. என் பாட்டில் இருந்தது இந்த இரண்டாவது நி. வீட்டுக்குப் போக மனமில்லாதவள் வேறு எங்கே நிற்பாள்? இந்த விளக்கமெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தொண்டை தானாக அங்கே நின்றது.

முதன்முதலாக அதைக் கூட்டத்தில் பாடினேன். அந்த இடம் வந்ததும், நான்கைந்து தந்திகளைச் சேர்த்து மீட்டும் கார்டு ஒன்றை அவன் ஓங்கி அடித்தான். என் சுரமும் அவன் கார்டும் ஒன்றையொன்று அறைந்துகொண்டன. எனக்குப் பல் கூசியது. அவன் கையை உயர்த்திப் பாட்டையே நிறுத்தினான்.

“சேச்சி, அந்த நோட் தெத்தாக்கும்.”

“எது தப்பு?”

“லைன் முடியற எடத்துல. மைனர் பாட்டுல அஞ்சாவது கார்டு மேஜராயிட்டு வரும். அப்ப நி ஒரு கட்டம் மேல ஏறணும். அதாக்கும் தியரி.”

“எனக்கு அங்கதான் வருது.”

“பழகினா செரியாயிடும் சேச்சி. நான் வாசிக்கறேன், கேட்டு அப்படியே பாடுங்கோ.”

தியரி என்ற சொல் விழுந்ததும் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளும் ஆடின. ஹார்மோனியக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் துருத்தியை அமுக்கி அவனுடைய நி-யைப் பிடித்தார். என் சுரம் சரி என்று எனக்குத் தெரியும்; ஏன் சரி என்று சொல்லத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னபடி பாடினேன். பாட்டிலிருந்தவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, சமர்த்தாக வீட்டுக்குப் போனாள். எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ கைபேசியில் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றியது. என் கணவரும் சாப்பிடும்போது ஒருமுறை போட்டுக் கேட்டார், பிறகு ரசம் ஊற்றச் சொன்னார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே என்னையறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுத்தேன். அடி முடிந்த இடத்தில் என் தொண்டையிலிருந்து வந்தது அவனுடைய நி. கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாய் கொப்பளித்தேன். அடுத்தவர் பல் தேய்த்த பிரஷை வாயில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்ப என் நி-யைப் பாடிப் பார்த்தேன். வந்தது, ஆனால் யோசித்துத்தான் வந்தது. அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் வீட்டு மனக்குறையை நான் இந்த உலகத்தில் சொல்லியிருந்தது அந்த ஒரு சுரத்தில் மட்டும்தான். அதுவும் போய்விட்டால் நான் எதுவுமே சொல்லாதவள் ஆகிவிடுவேன்.

அண்ணன் மகன் வாங்கிக் கைவிட்ட கிட்டார் ஒன்று அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். தந்திகளில் துரு. வாசித்தால் விரலில் பழைய ஆணி வாடை அடிக்கும், அந்தக் கையோடு சாப்பிடப் பிடிக்காது. புதுத் தந்தி போட்ட பிறகு விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்தது. பாடம் நடத்தும் வீடியோக்களோ அதைவிட மோசம். எதற்கென்றே தெரியாமல் சிரிக்கிறவர்கள், எந்தப் பாட்டையும் நாலே கார்டில் அடைத்துவிடலாம் என்கிறவர்கள். அவர்களைச் சகித்துக்கொண்டுதான் படித்தேன். கணவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார். எதற்கு இதெல்லாம் என்று கேட்கவில்லை.

படித்ததில் ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. கார்டு வானத்திலிருந்து விழுவதில்லை. பாட்டின் சுரங்களிலிருந்தே ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துச் சேர்த்தால் கார்டு வந்துவிடும். அவன் சொன்ன ஐந்தாவது கார்டு ப, நி, ரி. அதில் என் நி இருந்தால் அது சோகம் தோய்ந்த மைனர், அவன் நி இருந்தால் முகம் தெளிந்த மேஜர். அந்த நி-யை ஒரு கட்டம் ஏற்றுகிற விதி பொய்யல்ல. பாட்டை ஸாவுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த விதி. ஏற்றியே தீர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அவன் பாதியைப் படித்துவிட்டு அதையே என் தலையில் கட்டியிருக்கிறான். பாட்டு எங்கே போக விரும்புகிறது என்று முதலில் கேட்க வேண்டாமா?

என் அடியின் முடிவுக்குக் கார்டு தேடினேன். நி, ரி, ம சேர்ந்த கார்டைப் போட்டுப் பார்த்தேன். என் சுரம் அதில் இருந்தது, ஆனால் கார்டு ரொம்பச் சிரித்த முகமாக இருந்தது. துக்கம் கேட்க வந்தவர் சிரிக்கிற சிரிப்பு. பிறகு அந்த ஐந்தாவதையே மைனராக, என் நி-யோடு, மெதுவாக மீட்டினேன். அது எங்கேயும் இழுக்கவில்லை, தள்ளவுமில்லை. அதன்மேல் பாடினேன். பாட்டிலிருந்தவள் திரும்பப் படகுத்துறையில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகிற என்னைக் கண்ணாடியில் பார்த்ததும் எரிச்சலும் வந்தது.

அடிகளுக்கு நடுவே வாசிக்கச் சின்ன இடம் ஒன்று இருந்தது. அங்கே கைக்கு வந்ததை வாசிக்கலாம் என்று முயன்றால், மேலும் கீழும் அதே ஓட்டம். என் விரலில் அவன் வந்து உட்கார்ந்திருந்தான். கிட்டாரைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். பிறகு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: முதலில் வாயால் பாடுவது, பாட முடிந்ததை மட்டும் விரலால் வாசிப்பது. கார்டு மாறும் இடத்தில் அந்தக் கார்டுக்குள் இருக்கும் சுரம் ஒன்றில் வந்து இறங்குவது. மூச்சு முடிந்தால் விரலும் நிற்பது. வாசிப்பு பாதியாகச் சுருங்கியது, நன்றாகவும் ஆனது. அப்படித் தேடும்போது க, ரி, நி என்று ஒரு சின்ன இறக்கம் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்கு இரண்டாவது பகுதியையும் கட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் அவனிடம் என் கார்டை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு விரலைச் சொடுக்கினான்.

“ஓ, இது மோடல்னு ஒரு வகையாக்கும் சேச்சி! இதுல நி ஏறாது.”

“அதைத்தான் நான் முதல்லயே பாடினேன்.”

“பாடினேள், செரி. ஆனா இதுக்குப் பின்னால ஒரு தியரி உண்டு. நான் சொல்லித் தரேன்.”

சொன்னதோடு விடவில்லை. இந்தப் பாட்டில் நி-யைக் கீழே இறக்கிப் பார்க்கலாமென்று தனக்குத் தோன்றியதாகப் பாயில் இருந்தவர்களுக்கு வகுப்பே எடுத்தான். தலைகள் மறுபடியும் ஆடின. அவனிடம் சண்டை போடலாம். போட்டால் அதற்கும் ஒரு தியரி சொல்வான். எங்கள் கூட்டத்தின் ஆண்டு நிகழ்ச்சி வரவிருந்தது. குடும்பங்களோடு எல்லாரும் வருவார்கள். அதில் என் பாட்டுக்கு நானே கிட்டார் வாசிப்பேன் என்று மட்டும் சொன்னேன்.

“அப்ப நான் என்ன செய்யணும்?” என்றான்.

“கேளு.”

நிகழ்ச்சியன்று கூடத்தில் வியர்வையும் சென்ட்டும் பொரித்த சமோசாவும் கலந்த வாடை. என் முறை வந்ததும் வழக்கப்படி சுருதி சொல்லாமல் தொடங்கினேன். ஹார்மோனியக்காரர் என்னைத் தேடிப் பிடித்தார். நி வந்த இடத்தில் அவர் விரல் ஒரு கணம் தயங்கியது, பிறகு என் நி-யில் இறங்கியது. நடுவில் நான் வாசித்தது கொஞ்சம்தான். ஒரு சுரம் தவறவும் செய்தது. பாட்டு ஸாவுக்கு வராமலே முடிந்தது. முடிந்துவிட்டதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள், முன்பு தட்டியதைவிடக் குறைவாகவே. எனக்கு அது போதும்.

வெளியே என் கணவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். நான் பாடியதை அவர் நேரில் கேட்டது அன்றைக்குத்தான். ஹெல்மெட்டை எடுத்து நீட்டிக்கொண்டே சொன்னார்:

“முந்தி போன்ல வந்ததே, அதாக்கும் நல்லா இருந்தது. அதுல கடைசில ஒரு நிம்மதி உண்டு. இதுல இல்லை.”

எனக்கு இருந்த அருவருப்பெல்லாம் ஒன்றாகத் திரண்டு வாய்க்கு வந்தது. கிட்டார்காரன்மேல், ஆடிய தலைகள்மேல், இத்தனை வருஷம் கேஸ், தண்ணீர் என்று பேசியே காலம் தள்ளிய என் வாயின்மேல். இவர்மேல் மட்டும் அது இல்லை. ஊரில் ஒருவருக்கும் கேட்காதது இவருக்குக் கேட்டிருக்கிறது.

“எனக்கு அது இல்லை” என்றேன்.

“எது?”

“நிம்மதி. நம்ம வீட்ல.”

நீட்டிய ஹெல்மெட் அவர் கையிலேயே இருந்தது. பின்னால் ஒரு ஆட்டோக்காரன் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தான். அவர் வண்டியை ஓரமாகத் தள்ளி, ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்.

“எப்ப முதல் இப்படி?” என்று கேட்டார்.

கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தேன்.