மிதிக்கிற பிள்ளையின் முதுகு

பிறர் முதுகை மிதித்து மிதித்துத்தான் என் மகளின் முதுகு கோணியதா? டாக்டர் இல்லை என்றார். எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவள் தலைக்குப் பதில் கால் முன்னால் வந்து பிறந்தவள். எங்கள் பாகூர்ப் பக்கத்தில் அப்படிப் பிறந்த பிள்ளை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. நாற்று நட்டவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வலை இழுத்தவர்கள் எல்லோரும் காலையில் வெறும் வயிற்றோடு எங்கள் வாசலுக்கு வந்து குப்புறப் படுப்பார்கள். அவள் நடக்கத் தொடங்கியதுமே கையைப் பிடித்து மிதிக்கப் பழக்கியவர் என் நாத்தனார். கணவரை இழந்தபின் எங்களோடு இருக்கிறார். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நான் பத்தாவது படித்தவள். இதை நம்பினேனா என்றால், என் இடுப்பு வலித்தபோது நானும் அவள் முன்னால் படுத்திருக்கிறேன்.

எப்போதும் வலக்காலால்தான் மிதிப்பாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உடம்பின் பாரத்தை எல்லாம் இடக்காலில் போட்டு நிற்பாள்.

"இன்னாடி, ராத்திரி சோறு துன்னலியா? நல்லா மிதிடி" என்பார், பூரணாங்குப்பத்திலிருந்து வரும் மீன்காரர்.

"எலும்பு ஒடஞ்சா என்னக் கேக்கக் கூடாது மாமா" என்பாள் இவள்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரமுடியை முன்னால் போட்டுக் குனிந்து நின்றாள். துவட்டப் போன நான் துண்டோடு அப்படியே நின்றுவிட்டேன். முதுகின் ஒரு பக்கம் மேடாக எழும்பியிருந்தது. மறுபக்கம் பள்ளம். நிமிர்ந்து நிற்கச் சொன்னேன். வலத்தோள் உயர்ந்திருந்தது.

முதலில் உட்காரும் முறைதான் தப்பு என்று நினைத்தேன். பாடம் எழுதும்போது சுவரோரம் நிமிர்த்தி உட்கார வைத்தேன். பள்ளிக்கூடப் பையைத் தோள் மாற்றி மாட்டச் சொன்னேன். தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நிமிர்ந்து நட" என்று நாள் முழுக்கச் சொல்லி அவளை அழவும் வைத்தேன். மேடு அப்படியே இருந்தது. சில நாள் கூடிவிட்டது போலத் தோன்றும். சில நாள் என் கண்தான் பொய் சொல்கிறதோ என்று தோன்றும்.

பாண்டிக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தோம். முதுகெலும்பே பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, உட்காருவதாலோ நடப்பதாலோ வந்ததில்லை, காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை என்றார் டாக்டர். வளர்கிற வயது என்பதால் வளைவும் சேர்ந்து வளரலாம். தோலும் இரும்புக் கம்பியும் வைத்த ஒரு பெல்ட்டை வளர்ச்சி நிற்கும்வரை இரவும் பகலும் போட வேண்டும். போடாவிட்டால் பின்னால் மூச்சுக்குக்கூடச் சிரமம் வரலாம் என்றார்.

பெல்ட்டைப் பார்த்ததும் நாத்தனார் கதவைச் சாத்தினார்.

"மிதிக்கிற புள்ளைக்கே முதுகு கோணல்னு வெளிய தெரிஞ்சா இன்னா ஆவும்? நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"போடலன்னா இன்னும் வளையும் அண்ணி."

"போட்டுக்கட்டும், வேணாங்கல. ஜனங்க வரும்போது கழட்டிடு. வந்தவங்களத் திருப்பி அனுப்புனா ஏன்னு கேப்பாங்க இல்ல?"

என் கணவரைப் பார்த்தேன். "நீ சொல்றதும் சரிதான், அக்கா சொல்றதும் சரிதான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்படியே நடக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவளாகவே உள்ளே போய்ப் பெல்ட்டைக் கழற்றுகிறாள். கம்பியோடு காலைத் தூக்க முடியாது. சில காலைகளில் கூட்டம் குறைய வெயில் ஏறிவிடும். "எனக்கும் யாருன்னா கால்ல பொறந்தவங்களக் கூட்டினு வாம்மா, நானும் படுத்துக்கிறேன்" என்று சிரிக்கிறாள். என்னால் சிரிக்க முடிவதில்லை.

போன வாரம் களையெடுக்கிற ஒரு பெண் மிதி வாங்கிக்கொண்டு எழுந்தாள். புடவையைத் தட்டியவள், என் மகளின் தோள்களை மாறி மாறிப் பார்த்தாள். "நம்ம வலியெல்லாம் இது மேல ஏறிக்குதா இன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள். நாத்தனார் அடுத்தவரைப் படுக்கச் சொன்னார். ஆனால் மறுநாளும் ஆட்கள் வந்தார்கள். முன்னைவிட அதிகமாகவே வந்தார்கள். வலியை வாங்கிக்கொள்ளும் பிள்ளை என்று பேச்சு பரவியிருக்கிறது.

நேற்று பெல்ட்டை மாட்டிவிட்டேன். சென்ற மாதம் சரியாகப் பொருந்திய இடத்தில் இப்போது விலா எலும்பு இடிக்கிறது. "வலிக்குதாடி?" என்றேன். "இல்லம்மா" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வாசலை அடைத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அவள் கல்யாணம் கெடும் என்கிறார்கள். சொல்லாமல் இருந்தால் அவள் முதுகு நாளுக்கு நாள் என் கண்ணெதிரே வளைகிறது. இதைப் படிக்கிறவர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் இருப்பீர்கள். இப்படிப் பெல்ட் போட்டு வளர்ந்தவர்களும் இருக்கலாம். நாளைக் காலை ஆட்கள் வந்து நிற்கும்போது நான் என்ன சொல்லட்டும்? உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பட்டுமா? அப்படி அனுப்பியவர்கள் யாராவது இருந்தால், அதன்பின் உங்கள் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.