'போலந்து வதைமுகாம்' என்ற வரி

எங்கள் நூலகச் சுவரில் மாட்டிய படக்குறிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தவும் குழுவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். விதியை எழுதியவன் குழுவின் செயலாளரான நான்தான். ஓய்வு பெற்றபின் நெய்வேலியில் எனக்கு மிஞ்சிய அதிகாரம் அது.

இரண்டாம் உலகப் போர்ப் படங்களை, கைகளைப் பின்னால் கட்டியபடி, ஒரு குறிப்பும் விடாமல் படித்து வந்தார் ஒருவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பொருத்த வந்த போலந்துக்காரர். 'போலந்து வதைமுகாம்' என்பதன் ஆங்கில வரியில் நின்றுவிட்டார்.

“ஜெர்மானியர்கள் எங்கள் நாட்டைப் பிடித்து நடத்திய முகாம் அது. என் தாத்தா அங்கேதான் இறந்தார். தயவுசெய்து மாற்றுங்கள்,” என்றார் ஆங்கிலத்தில்.

நாட்டுப் பெருமை பேசும் யாரையும் நான் உடனே நம்புவதில்லை. “நீங்கள் வலதுசாரியா?” என்று கேட்டேன்.

“பெல்ட் மெக்கானிக்,” என்றார்.

அவரை அழைத்து வந்த டிரைவர் சேத்தியாத்தோப்புப் பக்கம். அவருக்குப் பொறுக்கவில்லை. “எங்க நிலத்துலதான் மைன்ஸ் வெட்டுனாங்க. அதுக்காக அது எங்க மைன்ஸ் ஆயிடுமா? நீங்க வேற சார், கட்சி கேட்டுகினு!”

விண்ணப்பம் மூன்று பிரதி கேட்டேன், மறுநாளே கொடுத்தார். அதன்பின் தினமும் ஷிப்ட் முடிந்து வந்து, அந்த வரியைப் பார்த்துவிட்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பொறுமையையும் சந்தேகித்தேன். சட்டைப்பையில் இருந்த பேனாவால் நானே அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு போட்டிருக்கலாம்.

ஆடியில் அவர் ஊர் திரும்பினார். குழுவின் ஒப்புதல் போகியன்று வந்தது.