பறந்த ஓட்டின் வயது

சாம்பார் அண்டாவுக்குள் ஓடு விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐரோப்பாவில் இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய காலம். மலையாளக் கணக்கில் இடவ மாதம், அதாவது நம் வைகாசி; அந்த மாதத்து மழை இன்னும் இறங்கவில்லை. அன்று சாம்பாரில் வெங்காயம் இல்லை, ஆகவே வெள்ளிக்கிழமை என்று நிச்சயமாகச் சொல்லலாம். சாயங்காலம் கடற்பக்கத்திலிருந்து வந்த காற்று, கரமனை அக்ரஹாரத்தில் மாமியின் மெஸ்ஸைக் கால் மணி நேரத்தில் திறந்து போட்டுவிட்டுப் போனது. கூடத்தின் தெற்குப் பாதியிலும் சமையலறை முழுவதிலும் ஓடுகள் இல்லை. அண்ணாந்து பார்த்தால் ஓட்டைத் தாங்கும் கைமரங்கள் மட்டும் வரிசையாக, விலா எலும்புகளைப் போல நின்றன. அவற்றினூடே வானம் தெரிந்தது.

அப்போது நான் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. என்னைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே இரண்டு வேளை சாப்பிட்டோம். மாமிக்கு அந்த அடுப்பைத் தவிர வேறு வருமானம் கிடையாது. கணவர் விட்டுப்போனவை இரண்டுதான்: வீடு, அந்த வீட்டின் மேல் ஒரு இன்ஷூரன்ஸ். அக்ரஹாரத்தில் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் என்றால் அந்நாளில் சிரிப்பார்கள். மாமி அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் வருஷம் தவறாமல் தவணை கட்டிவந்தார். தீக்கும் புயற்காற்றுக்கும் சேர்த்து எழுதிய பாலிசி அது.

சேதத்தை மதிப்பிடச் சென்னையிலிருந்து கம்பெனியின் சர்வேயர் வந்தார். கோட்டும் தூசி படிந்த காலணியும் அணிந்த, மரியாதையான மனிதர். ஏணியில் ஏறி கைமரங்களைத் தட்டிப் பார்த்தார். வீடு கட்டிய வருஷத்தைக் கேட்டார். இறங்கி வந்து, பேச்சில் சர்க்கரை கலந்து விஷயத்தைச் சொன்னார். காற்று சேதப்படுத்தினால் கம்பெனி கொடுக்கும். காலம் சேதப்படுத்தியதற்குக் கொடுக்காது. இந்தக் கூரைக்கு முப்பது வயதுக்கு மேல். ஆகவே பழமைக்கென்று பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். "கூரை காலத்தால் நைந்திருந்தது" என்ற வாசகத்தின் கீழ் மாமி கையெழுத்திட வேண்டும்.

"காத்து வரச்சே கூரைக்கு வயசு கேட்டுண்டா வந்தது?" என்றார் மாமி.

"அம்மா, கோபிச்சுக்காதீங்க. ரூல் அப்படி."

"வருஷா வருஷம் என் கையிலேருந்து பணம் வாங்கினேளே, அப்போ இது பழைய கூரைன்னு ஒருத்தருக்கும் தோணலையோ?"

ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் எங்களோடு சாப்பிடுகிறவர். "மாமி, கிடைச்சதை வாங்கி வச்சுக்கோங்கோ. கம்பெனிக்காராளோட மல்லுக்கு நின்னா ஆகுமோ?" என்றார். "ஓய், உமக்குப் பென்ஷனைப் பாதியாக் குறைச்சு, வயசாயிடுத்துன்னு எழுதிக் கொடுத்தா வாங்கிப்பீரோ?" என்று மாமி கேட்டார். தாசில்தார் மோர் கேட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்பு ஓடுகளை இறக்கி, உடைந்ததை மாற்றி, மறுபடி அடுக்குவது வழக்கம். மாமியும் அதற்கு முந்தைய மாதம்தான் ஆள் விட்டு அடுக்கியிருந்தார். கூடத்தின் தெற்குப் பாதிக்கும் சமையலறைக்கும் போட்டவை புது ஓடுகள். கைமரங்களே வீட்டின் வயது உடையவை. மாமி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேலே காட்டினார். "பறந்தது ஓடு. அது புதுசு. நின்னது மரம். அதுக்குத்தான் முப்பது வயசு. நின்னதோட வயசை, பறந்ததோட தலையிலே எழுதறேள். இது எந்தக் கணக்காக்கும்?"

சர்வேயர் மேலிடத்தில் கேட்பதாகச் சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகுதான் மாமியின் பிடிவாதம் ஊர்ப்பேச்சானது. மழை இறங்கிவிட்டது. கூரையை மூடச் சொல்லி எல்லோரும் கெஞ்சினோம். "மூடிட்டா காத்தே அடிக்கலேன்னுடுவா. வந்து பாக்கட்டும்" என்பதே பதில். அடுப்பின் மேல் மட்டும் தென்னங்கீற்றைக் கட்டிக்கொண்டு சமைத்தார். மழை வலுத்த நாட்களில் அடுப்புப் பற்றாமல் அவல்தான் கிடைத்தது. ஒவ்வொருவராக வேறு மெஸ்ஸுக்குப் போனார்கள். தாசில்தாரும் போனார். கடைசியில் நாங்கள் நான்கு பேர் மிஞ்சினோம். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் அடுப்பை அணைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒண்டவேண்டும் என்பது மாமிக்குத் தெரியும். ஒருநாளும் வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. அரிசி களையும்போது கை மட்டும் வழக்கத்தைவிட வேகமாகச் சுழலும்.

அதை வீம்பு என்றவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை, இன்றும் எண்ணுவதில்லை. பிறகு எத்தனையோ பாலிசிகளைப் படித்துப் பார்த்திருக்கிறேன். தவணை வாங்குகிற நாளில் வீடு முழுதாக இருக்கிறது, கொடுக்கிற நாளில் அது பழசாகிவிடுகிறது. இப்போது கான்கிரீட் தளம் போட்டவர்களிடமும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். கேட்டால், சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறது என்கிறார்கள். சிறிய எழுத்தில் எழுதியதால் அநியாயமும் சிறியதாகிவிடாது.

அடுத்த மாதமான மிதுனம் பிறந்த பிறகு சர்வேயர் மறுபடி வந்தார். ஓட்டுக்கும் கூலிக்கும் கழிவில்லாமல் கொடுக்கக் கம்பெனி இணங்கிவிட்டது. அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். மாமி காகிதத்தை என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். மறுமுறையும் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டார்.

சர்வேயர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு சொல்லணும்மா. அடுத்த வருஷத்துலேருந்து இந்தக் கூரைக்கு கம்பெனி பாலிசி தராது."

"ஏனாம்?"

"பழைய கூரை…"

மாமி சிரித்தார். அத்தனை வாரங்களில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "செரி. இனிமே காத்துக்கும் மழைக்கும் உங்க கம்பெனியே பயந்துக்கட்டும். எனக்கு வேலை கிடக்கு."

தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டது. சாலைக் கடைத்தெருவிலிருந்து ஓடு ஏற்றிய மாட்டுவண்டி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. கையெழுத்தின் ஈரம் காயவில்லை. வண்டிக்கு எப்போது சொல்லியனுப்பினார், யாரிடம் கடன் சொன்னார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மாமி வாசலுக்கு வந்து, "வழியிலே நிக்காதீங்கோ, ஓடு இறங்கணும்" என்றார். சர்வேயர் கோட்டை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றார். வண்டி அவரை உரசிக்கொண்டு போயிற்று.