எங்கள் வீட்டுப் பாலாறு

ஏழு வயதுப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டால்தான் ஆயிற்று என்று என் மகள் சொன்ன நாளிலிருந்து, வீட்டில் ஓரிடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. செய்தித்தாளை எடுப்பேன், தலைப்பு மட்டும் படித்துவிட்டு வாசலுக்குப் போவேன். வாசலில் ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து மின்விசிறியைக் குறைப்பேன், மறுபடி கூட்டுவேன். வேலூர் வெயிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியும் போன பிறகு வேலூருக்கு வந்தேன். மகள் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, லீவு கிடைத்தால் வருவார். பேத்தி இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் வேன் அவளை என் வீட்டு வாசலில் இறக்கிவிடும். மகள் டியூட்டி முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போவாள். நைட் டியூட்டி என்றால் பேத்தி என்னிடமே தூங்குவாள். வேன் வருகிற நேரத்தில்தான் என் நாள் தொடங்கும். அதற்கு முன்னால் சமைப்பது, துவைப்பது, மாத்திரை போடுவது எல்லாம் சும்மா நேரம் போக்குவது.

அப்படி ஒரு சனிக்கிழமை இரவு என்னிடம் தூங்கியவள் படுக்கையை நனைத்துவிட்டாள். எப்போதாவது நடப்பதுதான். காலையில் மெத்தையைத் தூக்கி காம்பவுண்டுச் சுவர்மேல் போட்டுவிட்டு இருவரும் சர்ச்சுக்குப் போனோம். ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சபையிலிருந்து இரண்டு குடும்பங்கள் பேசிக்கொண்டிருக்க வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா சார், பெட்டுல்லாம் வெயில் காயுது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வந்து நின்றால் அதை விழுங்குகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

"பாலாத்துல தண்ணி வர்லன்னு எல்லாரும் அழுவுறீங்களே, எங்க வீட்ல வந்து பாருங்க. கட்டில்லயே வெள்ளம்."

நல்ல சிரிப்பு. வந்திருந்த அம்மா ஒருவர், "யாரு, பாப்பாவா?" என்று கேட்டுவிட்டு இன்னும் சிரித்தார். பேத்தி அப்போது தண்ணீர் டம்ளர்கள் வைத்த தட்டோடு கதவருகே நின்றிருந்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் தட்டை மேசையில் வைத்தாள். உள்ளே போனாள். வந்தவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அழவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் என்னை நீ, வா, போ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், நீங்க, வாங்க என்று ஆரம்பித்துவிட்டாள். வேனிலிருந்து இறங்கும்போதே யார் யாரோடு சண்டை, மிஸ் யாரைத் திட்டினார்கள் என்று கொட்டிக்கொண்டு வருகிறவள், இப்போது பையை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். அந்த மரியாதை என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

மகளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவ வெய்ட் பண்றாப்பா. நீங்க சாரி சொல்லுவீங்கன்னு."

"நானா? அவகிட்டயா?"

"ஆமா. உங்களால அவளுக்குக் கஷ்டமாச்சில்ல?"

அவள் பிள்ளை வளர்க்கிற விதம் எனக்கு ஏற்கெனவே பிடிபடவில்லை. பிள்ளையிடம் கத்திவிட்டால், கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, "அம்மா கத்தினது தப்பு, சாரிடா" என்பாள். நீல கவுனா மஞ்சள் கவுனா என்று அனுமதி கேட்பாள். உறவுக்காரர்கள் யாராவது கொஞ்சப் போனால், "அவளுக்கு இஷ்டமான்னு கேட்டுட்டுத் தூக்குங்க" என்பாள். வீட்டில் குழந்தை இருக்கிறதா, கலெக்டர் இருக்கிறாரா என்று நான் கேட்டிருக்கிறேன். அதற்கும் அவள் சிரித்ததில்லை.

சாரி என்பது மேலே போகிற சொல் என்றுதான் நான் பழகியிருந்தேன். கம்பெனியில் லைனில் இருப்பவர் என்னிடம் சொல்வார், நான் மேனேஜரிடம் சொல்வேன், மேனேஜர் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரனிடம் சொல்வார். மேலேயிருந்து கீழே அது இறங்கி நான் பார்த்ததில்லை. ஒருமுறை தையல் லைனில் ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தேன். ஷூவின் மேல்பாகமான அப்பரை முழுக்கத் தப்பான நூலில் தைத்துவிட்டாள் என்று. பிறகு பார்த்தால் சாம்பிளை மாற்றிக் கொடுத்தது நான். சாயந்திரம் டீ வரும்போது அவள் மிஷினுக்கு ஒரு டீயும் பன்னும் அனுப்பினேன். அவள் எடுத்துக்கொண்டாள். கணக்குத் தீர்ந்தது. எங்கள் ஊரில் பெரியவர்கள் இப்படித்தான் இறங்கி வருவார்கள். அப்பா அடித்தால் ராத்திரி தட்டில் ஒரு துண்டு கறி கூட விழும். யாரும் எதற்கும் பெயர் வைக்க மாட்டார்கள்.

அதனால் பேத்திக்கு முட்டை பஃப்ஸ் வாங்கி வந்தேன். "தேங்க்ஸ் தாத்தா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். பேசவில்லை. ஆற்காட்டுக்குப் போன ஒருவரிடம் சொல்லி அந்த ஊர் இனிப்பு மக்கன் பேடா வரவழைத்தேன். அதற்கும் தேங்க்ஸ். லாங் பஜார் முழுக்க அலைந்து அவள் ரொம்ப நாளாகக் கேட்ட வெள்ளை ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். தள்ளுவண்டிக்காரன் ஒருவன் காலில் ஏற்றிவிட்டுப் போனான். நொண்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். "கால்ல இன்னா ஆச்சு?" என்றுகூடக் கேட்கவில்லை. கயிறு வந்த கவரோடு அப்படியே கிடந்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எதையும் முடித்துவைக்காத ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் மகள் வந்து நின்றபடியே சொன்னாள்.

"எங்க ஆஸ்பிட்டல் பக்கத்துல ஒரு டே கேர் பாத்திருக்கேன்ப்பா. அடுத்த மாசத்துல இருந்து அங்க விடலாம்னு."

"மிரட்டுறியா?"

"இல்லப்பா. அவளேதான் கேட்டா."

எனக்குப் பேஜாராகிவிட்டது. கோபத்தில் வந்ததையெல்லாம் பேசினேன். "நாலு பேர் முன்னாடி வெக்கப்பட்டாத்தாம்மா பழக்கம் விடும். கூச்சமே இல்லாம வளத்தா எப்படி? உனக்குந்தான் சின்ன வயசுல இருந்துச்சி. நாங்க இன்னா உன்னை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோமா? மூணாவது போறதுக்குள்ள தானா நின்னுடலயா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "டைமாச்சுப்பா, வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள்.

ஞாயிறு வந்தது. சபையோடு சேர்ந்து முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொன்னேன். எத்தனை வருடமாகச் சொல்கிறேன், ஒருமுறைகூடத் தொண்டையில் சிக்கியதில்லை. எல்லோரும் ஒன்றாகச் சொல்கிறோம், யார் என்ன செய்தோம் என்று விவரம் கேட்பதில்லை. பக்கத்தில் பேத்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றிருந்தாள். இவளிடம் சொல்வதற்கு எனக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் வேன் வந்தது. பை ஆணிக்குப் போனது. அவள் நோட்டை விரித்தாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "சாரி" என்றேன்.

பென்சில் நின்றது. "எதுக்கு?"

இப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் அவள் அம்மா. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேப்பரைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். தகிக்கிற தளத்தில் வெறுங்காலோடு இரண்டு சுற்று வந்தேன். கால் பொரிந்தது. டே கேரிலேயே இருக்கட்டும், நான் ஆம்பூருக்கே போய்விடுகிறேன், அங்கே என் தோஸ்துகள் இருக்கிறார்கள் என்று சத்தமாகவே சொன்னேன். பிறகு, வேன் நிற்காத ஒரு சாயங்காலம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கீழே இறங்கினேன்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ பெட்ல போனத வந்தவங்ககிட்ட சொல்லிச் சிரிச்சேன். அது உன் விஷயம். நான் சொல்லியிருக்கக் கூடாது. சாரி."

"இனிமே?"

"இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கம்பெனியில் செக்கிங் பெண்கள் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். "ஓகே" என்றாள். உடனே, "உன் கால்ல இன்னா தாத்தா?" என்று என் பாதத்தைத் தொட்டாள். நான் காலை நீட்டிக் காட்டினேன். டே கேர் வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடறேன் என்று அவளாகவே சொன்னாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"அம்மாவும் பெட்ல போவாங்களாம்" என்றாள், கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டே.

"ம்."

"அம்மாவையும் நீ பாலாறுன்னுதான் சொல்லுவியாம். உன் கம்பெனி அங்கிள்லாம் வீட்டுக்கு வந்தா, எங்க பாலாறு காணோம்னு கேப்பாங்களாம்."

அந்த வேடிக்கை அன்று அந்த நிமிஷம் எனக்குப் புதிதாகத் தோன்றியது என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

"அதனால அம்மா இருட்டுலயே எழுந்து பாவாடையைத் துவைச்சி, ஈரத்தோடயே போட்டுப்பாங்களாம். யாருக்கும் தெரியாதாம். எட்டாவது வரைக்கும்."

"எட்டாவதா?"

"ஆமா. எனக்கு அழுகை வந்துச்சில்ல, அதுக்குத்தான் அம்மா சொன்னாங்க. எட்டாவதுல நின்னுடுச்சாம். எனக்கும் நின்னுடும்."

முதலில் மகள்மேல்தான் கோபம் வந்தது. இதையெல்லாமா குழந்தையிடம் சொல்வாள்? பிறகு அந்தக் கோபத்துக்கு நிற்க இடம் இல்லாமல் போய்விட்டது. நான் அவளைக் காலையில் மொபெட்டில் பள்ளியில் இறக்கிவிட்டுக் கம்பெனிக்குப் போவேன். அவள் இறங்கிய பிறகு பல நாள் பின்சீட்டு ஈரமாக இருக்கும். பனி என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போவேன். எத்தனை வருடம் துடைத்தேன் என்று தெரியவில்லை. கோடையிலும் துடைத்திருக்கிறேன். அப்போதும் பனி என்றுதான் நினைத்திருக்கிறேன். வெட்கப்பட வைத்ததால் நின்றது என்று போன வாரம் அவளுக்கே பாடம் நடத்தினேன்.

அதன்பிறகு ஏழு மணிவரை நான் உட்காரவில்லை. அரிசி களைந்தேன், களைந்ததை மறந்து மறுபடி களைந்தேன். பேத்தி பழைய மாதிரியே பேசிக்கொண்டே பின்னால் வந்தாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

மகள் வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தி உள்ளே வருவதற்குள் பேத்தி ஓடினாள். "அம்மா, தாத்தா சாரி சொல்லிட்டாரு. எதுக்குன்னும் சொன்னாரு. டே கேர் வேணாம்."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்த எட்டு நாளில் முதல் சிரிப்பு. "தேங்க்ஸ்ப்பா" என்றாள். "உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்."

இல்லை என்று தலையாட்டினேன். பேத்தியின் தண்ணீர் பாட்டிலைக் கழுவி அவள் பையில் வைத்தேன். ஷூவை எடுத்துக் கொடுத்தேன். பேச வேண்டியது ஒன்று இருந்தது, அதைத் தவிர எல்லாம் பேசினேன். மோட்டார் சத்தம் போடுகிறது, எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். மழை வரும் போலிருக்கிறது என்றேன். வானத்தில் ஒன்றும் இல்லை. மகள் எல்லாவற்றுக்கும் ம் ம் என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினாள். ஒரு குழந்தையிடம் சொல்ல முடிந்தது, இவளிடம் வாய் வரவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாத்துப் போம்மா" என்றேன்.

"சரிப்பா." வண்டியைக் கிளப்பினாள்.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"அம்மா, இரு. தாத்தா உனக்கு இன்னும் சொல்லல."

மகள் வண்டியை அணைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தெருவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.