ஒரு சைஸ் பெரிய செருப்பு

திருக்கோவிலூரில் செருப்புக்கடை வைத்திருக்கும் சுபைர், முன்பெல்லாம் கால் பெருவிரல் வீங்கும்போது ஒரு சைஸ் பெரிய செருப்பாக மாட்டிக்கொள்வார். பிரஷர் மாத்திரையும் நினைத்தால்தான் போடுவார். பக்கவாதத்தில் இடது கை விழுந்த பிறகுதான், ரத்தத்தில் யூரிக் ஆசிட்டும் ஏறிக் கிடப்பதை, பெருவிரல் வீங்கியதே அதனால்தான் என்பதை டாக்டர் சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, பெருவிரலைத்தான் பார்க்கிறார்.

இன்று ஒருவர் வீங்கிய விரலோடு வந்தார். "பாய், எட்டு கடிக்குது. ஒம்போது குடுங்க."

"செருப்பு மேல பழி போடாதீங்க! மொதல்ல போயி பிரஷரும் யூரிக் ஆசிட்டும் பாருங்க. அதுவரைக்கும் தரமாட்டேன்" என்று சுபைர் கத்தினார்.

"செருப்பு கேட்டா இன்னா பாய், வைத்தியம் பாக்குறீங்க?"

வந்தவர் எதிர்க்கடையில் ஒன்பதை வாங்கி மாட்டிக்கொண்டு சுகமாக நடந்து போனார், போன வருஷம் சுபைர் நடந்ததைப் போலவே.