பட்டாவில் முதல் பெயர்

சின்ன டிராக்டர் இப்போது எங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கிறது. நன்றாகவே உழுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பணம் எங்கே புரட்டுவது என்று உட்கார்ந்து யோசித்த அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் நான் யாரிடமும் பேசுவதில்லை.

எங்கள் நிலம் ஜவ்வாது மலைச் சரிவில் படிப்படியாக இறங்கிப் போவது. சாமையும் கேழ்வரகும் போடுகிறோம். மாடு ஒன்று நோவில் செத்ததும் தனி மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மற்றதையும் விற்றுவிட்டேன். அதன் பிறகு உழவுக்குக் கீழே இருந்து வாடகை டிராக்டர் வர வேண்டும். வருகிறேன் என்று சொன்ன நாளுக்கு நாலு நாள் கழித்து வருவார்கள். அதற்குள் மண்ணில் ஈரம் போய்விடும். பெரிய வண்டி என்பதால் கல் வரப்பை வேறு இடித்துவிட்டு, இடித்த நேரத்துக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். மூன்றாம் வருடம் விதைத்ததில் பாதி முளைக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் இப்படிப் போனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு கூலி வேலைக்கு இறங்க வேண்டியதுதான்.

முதலில் புளியமரங்களை நினைத்தேன். எங்களுக்கு எட்டு மரம். ஏழு வருட மகசூலை எழுதிக் கொடுத்தால் மொத்தப் பணத்தையும் முன்னாலேயே தருகிறேன் என்றார் செங்கத்து வியாபாரி ஒருவர். என் மனைவி அதைக் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"புளி உலுக்கித்தான் பொண்ண ஆஸ்டல்ல படிக்க வெக்கிறோம். ஏழு வருசம் மரத்த அண்ணாந்து பாத்துக்கினு இருக்கச் சொல்றீங்களா?"

அதோடு புளி முடிந்தது. டிராக்டர் கடையிலேயே தனியார் பைனான்ஸ் இருக்கிறது, ஆதாரும் ரெண்டு செக்கும் போதும் என்றார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் அப்படி வாங்கினார். தவணை தவறியபோது, உழுதுகொண்டிருந்த வண்டியைக் கொல்லையில் இருந்தே ஓட்டிக்கொண்டு போனார்கள். பாதி உழுத அந்த நிலத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

மீதி இருந்தது வங்கிக் கடன். போளூரில் மேலாளர் மரியாதையாக உட்காரச் சொன்னார். வட்டி குறைவு, மானியமும் கிடைக்கலாம் என்று சொல்லிவிட்டு எங்கள் பட்டாவை வாங்கிப் பார்த்தார்.

"முதல் பேரு யாருதுங்க?"

"அண்ணன்ங்க."

"அவரும் வந்து கையெழுத்துப் போடணுமே."

"கீழ போயிருக்காருங்க."

"நாம இருக்கறதே கீழதானங்க. எங்க போயிருக்காரு?"

அண்ணன் பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காலையில், "செங்கம் வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். சண்டை இல்லை, கடன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் 'காணோம்' என்ற வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். யார் கேட்டாலும் "கீழ போயிருக்கான்" என்பாள். மலையில் அது சாதாரணப் பேச்சு, பாதிப் பேர் எப்போதும் கீழேதான் இருக்கிறார்கள். போலீசில் எழுதியும் கொடுக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் பட்டா கொடுக்க அதிகாரிகள் வந்தபோதும் அம்மா அதையேதான் சொன்னாள். அவர்களும் மூத்தவர் என்று அண்ணன் பெயரை முதலில் எழுதிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. என் புத்திசாலித்தனம் அப்படி.

மேலாளர் கைகாட்டிய வக்கீல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்கே ஒரு தகவலும் இல்லை என்றால், இறந்துவிட்டதாகக் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம். அண்ணனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லாததால் வாரிசு அம்மாதான். நானும் அம்மாவும் இதுவரை அவரைப் பார்க்கவில்லை, அவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வர மாதக்கணக்கில் ஆகும், ஆனால் அடுத்த விதைப்புக்குள் முடித்துவிடலாம் என்றார்.

"உண்மையத்தான எழுதப் போறீங்க. இன்னா தயக்கம்?" என்று கேட்டார்.

அன்றைக்கு அது உண்மைதான்.

வங்கிக்கு வண்டியின் விலைப்பட்டியல் வேண்டும் என்பதால் வக்கீலிடம் இருந்து டிராக்டர் கடைக்குப் போனேன். உச்சி வெயில், கடையில் ஆளே இல்லை. சின்ன வண்டி எங்கள் படிகளுக்குள் திரும்புமா என்று பார்க்க, ஒரு பின் சக்கரத்தில் இருந்து மற்றப் பின் சக்கரம் வரை சாண் போட்டு அளந்தேன். விற்பனையாளர் உள்ளே இருந்து வந்து சிரித்தார்.

"நேத்தே அளந்தீங்களே சார். மறுபடியும் எதுக்கு?"

"நேத்து நான் வரலயே."

"இன்னா சார், இதே வண்டிதான். இதே மாதிரி சாண் போட்டீங்க. கல்லு வரப்பு ஏறுமான்னு கேட்டீங்க. நேத்து தாடி இருந்துச்சு, எடுத்துட்டீங்க போல."

"வேற ஆளா இருக்கும்ப்பா."

"இல்ல சார், தம்பிய ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்க."

எனக்குத் தம்பி கிடையாது. எங்கள் வீட்டில் தம்பி நான்தான்.

பெயர் கேட்டீர்களா என்று கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். முந்தின நாள் தேதிக்குக் கீழே ஒரே வரி இருந்தது. ஜவ்வாது மலை, சின்ன வண்டி, பிறகு வருவார். பெயரும் இல்லை, போன் நம்பரும் இல்லை. விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன்.

பஸ் நிலையத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒவ்வொருவரும் அண்ணனாகத் தெரிந்தார்கள். ஒருவரைப் பின்னால் போய்த் தொட்டுவிட்டுத் திட்டும் வாங்கினேன். கடைசியில் மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறினால், அவ்வளவு நெரிசலிலும் என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. பாதி வழியில் ஒரு அம்மாள், "இங்க ஆள் வருதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்வதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டில் சொல்லவில்லை. எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மலைக்காரர்கள் எல்லோரும் சாண் போட்டுத்தான் அளக்கிறோம். கீழே இருப்பவர்களுக்கு எங்கள் முகமெல்லாம் ஒன்றுதான். வியாபாரம் செய்கிறவர் ஆயிரம் பேசுவார். அப்புறம் கோபம் வந்தது. போளூர் வரைக்கும் வரத் தெரிந்தவருக்கு வீடு வரத் தெரியாதா? பதினோரு வருடம் இந்த நிலத்தைக் குனிந்து குனிந்து உழுதது நான். இப்போது வண்டி மட்டும் பார்க்க வருகிறாரா? இப்படி நினைத்துக்கொண்டதில் எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கடைக்குப் போனேன். அந்த விற்பனையாளர் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் முதல் மழை பெய்தது. விடிந்ததும் எங்கள் நிலத்தின் கடைசிப் படிக்கு இறங்கினேன். ஈர மண்ணில் செருப்பில்லாத காலடிகள். காட்டுப் பக்கத்தில் இருந்து எங்கள் எல்லைக்கல் வரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்று, அப்படியே திரும்பிப் போயிருந்தன. விறகுக்கோ தேனுக்கோ போனவர் யாராவது இருக்கலாம். ஒரு தடத்துக்குப் பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். அளவு ஒன்றாகவே இருந்தது, பெருவிரல் விலகியிருந்ததுகூட. கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். காடு பக்கத்தில்தான், ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, காலடிகளை ஒவ்வொன்றாகக் காலால் தேய்த்து அழித்தேன். முழுவதையும் அழித்து முடிக்கும் வரை ஏன் இதைச் செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் அம்மாவை வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். குமாஸ்தா எழுதியதைச் சத்தமாகப் படித்தார். அன்றிலிருந்து இன்றுவரை பார்க்கவும் இல்லை, எந்தத் தகவலும் கேள்விப்படவும் இல்லை என்ற இடத்தில் அம்மா கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"நான் வூட்டுலயே கெடக்கறவ. நீ நாலு எடம் போறவன். நீ ஒன்னும் கேள்விப்படலயே?"

குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இல்லம்மா," என்றேன்.

அம்மா கட்டைவிரலை மையில் தோய்த்து, அவர் காட்டிய இடங்களில் எல்லாம் அழுத்தி வைத்தாள். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் அம்மா முந்தானையை வாயில் வைத்தாள். உயிரோடு இருப்பவருக்காக அழுதால் ஆயுசு குறையும் என்று பதினோரு வருடமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள். என் வார்த்தையை நம்பி, மார்பில் அடித்துக்கொண்டு, அண்ணன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். உடன் இருந்த பெண்கள் எதுவும் கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். ஓட்டுநர் வண்டியைக் காட்டோரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தார், ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா நிறுத்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் கேட்டு அண்ணன் வந்து நின்றுவிடுவாரோ என்று, வெளியே பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.