இணைப்பில் அப்பா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரே கேட்கப்போகிற பொறுமையான குரலுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதைப் பற்றிச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அப்போது ஹைதராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருந்தோம். மாதாப்பூரில் இருந்த என் அலுவலகத்தில், தொலைபேசியில் தானாகப் பதில் சொல்லும் குரல் ஏற்பாடுகளைச் செய்துகொடுத்தோம். தமிழ்நாட்டில் கேஸ் சிலிண்டர் பதிவுசெய்யும் எண் ஒன்றுக்குத் தமிழ்க் குரல் தேவைப்பட்டது. சென்னையிலிருந்து வரவேண்டிய பெண் வரவில்லை. எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட சின்ன அறை. இரைச்சல் பதிவாகும் என்று ஏசியை அணைத்துவிட்டார்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு எண்ணையும் மூன்று விதமாகச் சொல்லவைத்தார்கள். வியர்வை கொட்ட, நான் சிடுசிடுத்தேன். தமிழே தெரியாத எங்கள் மேலாளர், "மீ நான்னகாரிதோ மாட்லாடுதுன்னட்டு செப்பண்டி" என்றார். உங்கள் அப்பாவிடம் பேசுவதுபோலச் சொல்லுங்கள் என்கிறார். அவர் தன் அப்பாவின் போன் வந்தாலே எழுந்து நின்று பேசுகிறவர். நான் என் அப்பாவிடம் அப்படிப் பேசியதே இல்லை. இருந்தாலும், அப்படிப் பேசும் ஒரு மகளை நினைத்துக்கொண்டு சொன்னேன். "தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்." மேலாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்பா தென்காசியில் தனியாக இருந்தார். அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. சமைத்துவைக்க ஓர் அக்கா வந்துபோவார். சிலிண்டருக்காக அந்த எண்ணை அழைத்த அப்பா, என் குரலைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாராம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதே அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. "இங்க மழ. அங்க மழ உண்டா?" என்று பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்பார். அலுவலகப் பேருந்தின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "எத்தன தடவ சொல்லுதது? இல்லன்னு சொன்னேம்லா" என்று எரிந்து விழுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது, "காலைலதான பேசுனோம்" என்றார். நான் பேசவேயில்லை என்றேன். "பேசுனியே. நல்லா பொறுமையா பேசுன" என்றார். மறதி என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த எண்ணையும் அழுத்தாமலே முடிந்துபோன அழைப்புகள் தனியாகப் பதிவாகும். மக்கள் எந்த இடத்தில் குழம்புகிறார்கள் என்று அறிய, திங்கட்கிழமைதோறும் அவற்றைக் கேட்போம். தமிழ் அழைப்புகள் என் பங்கு. அந்தத் திங்களன்று ஒரே எண்ணிலிருந்து பட்டியல் நீண்டுகொண்டே போனது. அப்பாவின் எண்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் அழைப்பை ஓடவிட்டேன்.

"வணக்கம். தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கவும்" என்றது என் குரல்.

"எனக்கென்ன விருப்பம்? நீ ஒருதரம் வந்து மொகத்தக் காட்டிட்டுப் போனா போதும்" என்றார் அப்பா.

"மன்னிக்கவும். தங்கள் பதில் கிடைக்கவில்லை."

"ஏட்டி, அதுக்கு எதுக்கு மன்னிப்பு? சத்தமா சொல்லுதேன். இங்க மழ. அங்க மழ உண்டா?"

"தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்."

"இருக்கேன்."

துண்டுதுண்டாகச் சொல்லி ஒட்டவைத்த வாக்கியங்கள் அவை. அவற்றின் இடைவெளிகளில் அப்பா கச்சிதமாகப் பேசினார். ஓர் இடத்தில்கூட இரண்டு குரலும் மோதிக்கொள்ளவில்லை. நானும் அவரும் எங்கள் வாழ்நாளில் சண்டையில்லாமல் அவ்வளவு நேரம் பேசியதில்லை. கடைசியில் அவள் "நன்றி, வணக்கம்" என்றாள். "சரிம்மா, வை" என்றார் அப்பா. அந்தக் குரலை அவள் என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தேன். பட்டப்பகலில், அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பயத்தோடு பொறாமையும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என்னை முழுதாக மறப்பதற்குள் அப்பாவை ஹைதராபாத்துக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்று மறுநாளே ரயிலேறினேன்.

வீடு திறந்துதான் கிடந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்போன் மடியில், ஸ்பீக்கரில். "அப்பா, வந்துட்டேன்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. எம் மக லைன்ல இருக்கா."

பையைக் கீழே போட்டுவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். மெதுவாகப் பேச வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். முடியவில்லை. "நாந்தாம்ப்பா உங்க மக. அது மிஷினு. என்னப் பாருங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் உடம்பு ஒடுங்கியது. போனை இரண்டு கையாலும் எடுத்து வாயருகே வைத்து, நான் கேட்டுவிடாதபடி ரகசியமாகச் சொன்னார்.

"ஏட்டி, இங்க யாரோ வந்திருக்காவ. பாக்க உன்ன மாதிரியே இருக்காவ. ஆனா அதட்டுதாவ. நீ எப்ப வாரே?"

பிறகு அவள், அப்பாவிடம் பேசுவதுபோலவே, "தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்றாள்.

"சரிம்மா" என்றார் அப்பா, என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், அவளிடம்.